விடைத்தாள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது அறிவு வினா விடை நூல்களைத் தொகுப்பவர்களுக்கும், அச்சிடுபவர்களுக்கும், அவற்றை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துபவர்களுக்கும்,

"சூரியக் குடும்பத்தில் அதிகத் துணைக்கோள்களைக் கொண்ட கோள் எது?"

போன மாதம் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்காக நடந்த வினாடி வினாவின் கடைசிச் சுற்றில் வந்த கேள்வி இது. எங்கள் அணியில் இருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை, கேள்வி முடிவதற்குள் மேசை மணியைத் தட்டிவிட்டு "சனி" என்றாள். நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "தவறு" என்றார். கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அவர்கள் "வியாழன்" என்றார்கள். கைதட்டல். பத்து மதிப்பெண். ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் கோப்பை அவர்களுக்குப் போனது.

கோப்பைக்காக இதை எழுதவில்லை. இருபத்திரண்டு வருடமாக நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், பிள்ளைகளைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஜெயித்ததைவிடத் தோற்றுவிட்டு பஸ் ஏறியதுதான் அதிகம். அதெல்லாம் பழகிவிட்டது. சரியான விடையைச் சொன்னதற்காகத் தோற்றது இதுதான் முதல் தடவை.

2025 மார்ச்சில் சர்வதேச வானியல் ஒன்றியம் சனிக் கோளுக்கு 128 புதிய துணைக்கோள்களை ஒரே தடவையில் அங்கீகரித்தது. அதோடு சனியின் கணக்கு 274 ஆனது. வியாழனுக்கு அப்போது நூறு கூட ஆகவில்லை. செய்தித்தாள்களில் வந்த விஷயம்தான். அந்தப் பிள்ளை செய்தியை வெட்டித் தன் நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள்.

சுற்று முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நடுவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். பையிலிருந்து ஒரு வினா விடைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அட்டையில் தாஜ்மகாலும் ராக்கெட்டும். உள்ளே முதல் பக்கத்தில் "திருத்திய புதிய பதிப்பு" என்று போட்டு இந்த வருடத்தை அச்சிட்டிருந்தார்கள். "பாருங்கம்மா, இதுல வியாழன்னுதான் இருக்கு. நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வேணும்ல?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. இறங்கப் போகும் நேரத்தில்தான் கேட்டாள்: "நோட்டுல ஒட்டினத கிழிச்சிடவா டீச்சர்?"

அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தகத்தில் இருப்பது யாரோ கற்பனையில் எழுதிய விடை இல்லை. ஒரு காலத்தில் அதுதான் சரி. 1610 ஜனவரியில் கலிலியோ தன் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பி, அதன் அருகே நாலு புள்ளிகள் இரவுக்கு இரவு இடம் மாறுவதைப் பார்த்தார். சனிக்கு டைட்டன் என்ற ஒரு துணைக்கோள் இருப்பதை ஹைகன்ஸ் கண்டது 1655இல்தான். இந்த இரண்டு கோள்களுக்கும் அன்று தொடங்கிய போட்டி இன்னும் முடிந்தபாடில்லை. 2019 அக்டோபரில் சனி 82 என்று முன்னே வந்தது, வியாழன் 79. 2023 தொடக்கத்தில் வியாழன் 92 என்று தாண்டியது. அதே வருடம் மே மாதம் சனி 145க்குப் போய், பிறகு 146 ஆகிவிட்டது. அப்புறம்தான் இந்த 274. நாலு வருடத்துக்குள் ஒரே கேள்விக்கு விடை மூன்று முறை புரண்டிருக்கிறது.

ஏன் புரண்டது என்பதுதான் உண்மையில் சுவையான பகுதி. கடைசியாகச் சேர்ந்த 128 எல்லாம் நம் நிலாவைப் போல உருண்டையாக மின்னுபவை இல்லை. சில கிலோமீட்டர் குறுக்களவுள்ள கற்கள். ஹவாய் தீவின் மௌனா கியா மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கியில் ஒரே வானப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சனியோடு சேர்ந்து நகரும் மங்கலான பொட்டுகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பொட்டு தெரிந்தால் மட்டும் போதாது. அது சனியைத்தான் சுற்றுகிறது என்று பாதையைக் கணக்கிட்டுக் காட்டினால்தான் அங்கீகாரம். இதை வகுப்பில் சொன்னபோது, "அப்போ எவ்வளவு சின்னக் கல்லு வரைக்கும் நிலான்னு சொல்லலாம் டீச்சர்?" என்று கேட்டாள் அதே பிள்ளை. சனியின் வளையமே கோடிக்கணக்கான பனித்துண்டுகளும் கற்களும்தானே, அதையும் எண்ணலாமா என்று அடுத்த கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. உங்கள் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி, விடைக்கு ஒரு சொல். அந்த ஒரு சொல்லும் பழசு.

வருடம் போடாததுதான் இங்கே குற்றம். "2025 மார்ச் நிலவரப்படி" என்ற மூன்று சொல் போதும். மக்கள்தொகைக்கு "2011 கணக்கெடுப்பின்படி" என்று நீங்களே ஒழுங்காகப் போடுகிறீர்கள். வானத்துக்கு மட்டும் ஏன் போடுவதில்லை? வானம் மாறாது என்ற நினைப்பா?

இப்போது என் தப்பையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. 2006 ஆகஸ்ட் 24 அன்று அதே வானியல் ஒன்றியத்தினர் பிராக் நகரில் கூடி புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நான் அந்தக் கல்வியாண்டு முழுக்க ஒன்பது கோள் என்றே நடத்தினேன். பாடப்புத்தகத்தில் ஒன்பது இருந்தது, அதனால் ஒன்பது. ஒரு பையன் எட்டு என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்தேன் என்றுகூட ஞாபகம். அன்றைக்கு நானும் அந்த நடுவரைப் போலத்தான், "எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு" என்ற பக்கத்தில் நின்றேன்.

அதைவிட மோசம், நாக்குப் படம். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், பின்பகுதியில் கசப்பு என்று நாலு நிறத்தில் வரைந்த படம். உங்கள் புத்தகங்களில் "இனிப்புச் சுவையை உணரும் நாக்கின் பகுதி எது?" என்ற கேள்வியாக இன்னும் உயிரோடு இருக்கிறது. பதினோரு வருடம் அந்தப் படத்தைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். அழகாக வரைவேன் என்று பெயர் வேறு.

ஒரு வருடம், பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று, சோதித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், வேப்பங்கொழுந்தை இடித்து வடிகட்டிய சாறு. காது குடையும் பட்ஸ் ஒரு டப்பா. ஒவ்வொருவருக்கும் வாயைக் கொப்பளிக்க ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணைக் கட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, உப்பை நுனியில் தொட்டு வைத்தால் "உப்பு" என்கிறார்கள். வேப்பஞ்சாற்றை நுனியில் வைத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள், ஒருவன் எழுந்து வெளியே ஓடிவிட்டான். சர்க்கரையை ஓரத்தில் வைத்தாலும் இனிக்கிறது. பத்துப் பிள்ளைகள் முடிந்ததும் வகுப்பில் ஒரே சத்தம். அப்போது ஒரு பையன் கரும்பலகையைக் காட்டிக் கேட்டான்: "படம் தப்பா டீச்சர், இல்ல என் நாக்கு தப்பா?"

அவன் நாக்கில் ஒரு தப்பும் இல்லை. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர், நாக்கின் ஓரத்தில் இடத்துக்கு இடம் சுவை உணரும் திறனில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கிறது என்று அளந்து எழுதினார். சின்ன வேறுபாடு, அவ்வளவுதான். 1942இல் அமெரிக்க உளவியலாளர் போரிங் எழுதிய நூலில் அதே முடிவுகள் வேறொரு வரைபடமாக வந்தன. அந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள், குறைவு என்பதை இல்லை என்று படித்துக்கொண்டார்கள். 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் என்ற ஆய்வாளர் மறுபடி சோதித்து, வேறுபாடு இருந்தாலும் பொருட்படுத்தும் அளவில் இல்லை என்று காட்டினார். அதற்குப் பிறகும் படம் நிற்கவில்லை. நான் வரைந்த பதினோரு வருடமும் அந்த 1974க்குப் பிறகுதான். ஐந்தாவது சுவையாக உமாமியை ஜப்பானில் இகேதா 1908லேயே பிரித்துக் காட்டிவிட்டார், அதுவும் அந்தப் படத்தில் இல்லை. நம் ஊரில் ஆறு சுவை என்று சொல்கிறோமே, அதில் கார்ப்பு எங்கே என்று எந்தப் பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. மிளகாயின் காரம் சுவை மொட்டு வேலையே இல்லை, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை. மிளகாயை வைத்தே அந்த உணர்வியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை, கண்ணுக்கு நாக்கு இல்லையே.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் குழப்பும் என்று சிலர் சொல்வீர்கள். அன்றைக்கு வகுப்பில் யாரும் குழம்பவில்லை. வீட்டுக்குப் போய் அம்மா நாக்கிலும் பாட்டி நாக்கிலும் உப்பு வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொன்னார்கள்.

நடுவர் காட்டிய அந்த வினா விடைப் புத்தகத்தைப் போட்டி நடந்த அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு கடையில் விலைக்கு வாங்கினேன். ஒரு வாரம் இரவில் பென்சிலோடு உட்கார்ந்தேன். நல்ல விஷயங்களும் நிறைய இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். தமிழக நதிகள், அணைகள் பகுதி மிகவும் கவனமாகத் தொகுக்கப்பட்டிருந்தது. ஆனால் பென்சில் நின்ற இடங்களும் குறைவில்லை.

"இந்தியாவின் தேசிய விளையாட்டு: ஹாக்கி." 2012இல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. ஒரு சிறுமி விண்ணப்பம் எழுதித் தெரிந்துகொண்டதை, அச்சகம் வைத்திருப்பவர்களால் இத்தனை வருடத்தில் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"இந்தியாவின் தேசிய மொழி: இந்தி." இதைப் படித்ததும் புத்தகத்தைத் திருப்பி எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்த்தேன். தமிழ்நாட்டில்தான். அரசமைப்புச் சட்டத்தின் 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழ் உட்பட 22 மொழிகள் இருக்கின்றன. தேசிய மொழி என்று எந்த மொழிக்கும் அங்கே இடம் தரப்படவில்லை. இதற்கு வடக்கே யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, நம் ஊர் டிடிபி சென்டரில் தட்டச்சு செய்த வரி இது.

"நிலவிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரே மனிதக் கட்டுமானம்: சீனப் பெருஞ்சுவர்." இதை எட்டாம் வகுப்புக் கணக்காகவே போட்டுவிட்டோம். சுவரின் அகலம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவு இருப்பது 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். அதே விகிதத்தில் ஒரு தலைமுடியை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்? ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் வருகிறது. எங்கள் பள்ளி வாசலில் ஒருத்தி ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய் நின்று பார்க்க வேண்டும். சுவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீளம் என்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, முடியும் நீளம்தான். இந்தக் கதை 1754லேயே ஸ்டக்லி என்ற ஆங்கிலேயர் எழுதிய கடிதம் ஒன்றில் வருகிறது. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு 215 வருடம் முன்னால்! போய்ப் பார்த்தவர் சொன்னது இல்லை இது, போகாமலே சொன்னது. 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீனரான யாங் லிவெய், பூமிக்கு மிக அருகே சுற்றியும் தன்னால் சுவரைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னார். சீனாவே தன் பள்ளிப் பாடத்தைத் திருத்த முடிவு செய்தது. அவர்களுடைய சுவர், அவர்களே விட்டுவிட்டார்கள். நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர்: ஜேம்ஸ் வாட்." 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நியூகோமன் என்ற ஆங்கிலேயரின் எஞ்சின் அப்போது எதில் ஓடியது? நீராவியில்தானே? வாட் பிறந்ததே 1736இல்தான். கெட்டில் மூடி குதித்ததைப் பார்த்து வாட் கண்டுபிடித்தார் என்ற கதையை நம் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது அதைவிட நல்ல கதை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று சரியாக ஓடவில்லை என்று பழுதுபார்க்க வாட்டிடம் வந்தது. பார்த்தால், ஒரே உருளையை ஒவ்வொரு வீச்சுக்கும் சூடாக்கி, உடனே குளிரவைத்து, மறுபடி சூடாக்குகிறது. என் மாணவிகளிடம் இதைத் தோசைக்கல்லை வைத்துச் சொல்வேன். ஒவ்வொரு தோசைக்கும் கல்லைக் காயவைத்து, அப்புறம் வாளித் தண்ணீரை ஊற்றி முழுக்க ஆறவைத்து, திரும்பக் காயவைத்தால் கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? வாட் செய்தது, குளிரவைக்கும் வேலையை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றியது. 1769இல் காப்புரிமை வாங்கினார். அடுத்தவர் செய்ததன் குறையைப் புரிந்துகொண்டு சரிசெய்தார் என்று சொன்னால் வாட்டின் பெருமை குறைந்துவிடுமா என்ன? கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

"இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர்: வாஸ்கோடகாமா, 1498." இதில் சில சொற்கள் தொலைந்துபோயிருக்கின்றன. "ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி" என்பதைச் சேர்த்தால் சரி. சேர்க்காவிட்டால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியெடுத்த ரோமானிய மண்பாண்டங்கள் எப்படி வந்தன என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் வழி தெரிந்த மாலுமி ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் காமாவே கோழிக்கோட்டுக்கு வந்தார். கண்டுபிடித்தவருக்கு வழிகாட்டியவர் எந்தப் புத்தகத்திலும் விடையாக வருவதில்லை.

ஒட்டகத் திமிலில் தண்ணீர், நெருப்புக்கோழி மண்ணில் தலை புதைப்பது இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். திமிலில் இருப்பது கொழுப்பு, கோழி தலையைப் புதைப்பதில்லை. அதோடு சரி.

இன்னொரு வகைக் கேள்வியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். விடை தப்பில்லை, ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. "எவரெஸ்டின் உயரம்?" 8,848 மீட்டர். இது 1955இல் இந்திய நில அளவைத் துறை சொன்ன கணக்கு. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன. 86 சென்டிமீட்டருக்காக நான் சண்டைக்கு வரவில்லை. இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது நம் வீட்டுக் கதை, அதைத்தான் கேள்வி விழுங்கிவிட்டது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்த ஒரு கோடுதான் அடித்தளம். அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே தெற்கேயும் வடக்கேயும் போனார்கள். 1808இல் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் தன் கையாலேயே அதை ஒக்கிட்டார். அவர் தொடங்கியது இமயமலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர அரை நூற்றாண்டு ஆனது. நேபாளத்துக்குள் விடமாட்டேன் என்றார்கள். நூறு மைலுக்கும் அப்பால், சமவெளியில் நின்று சிகரத்தின் கோணங்களை அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து 15ஆம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளி. 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவுக்கு முப்பது அடிதான் குறைவு! சரியாக 29,000 என்று வந்ததாகவும், முழு எண்ணாகச் சொன்னால் குத்துமதிப்பு என்று நினைப்பார்கள் என்று இரண்டு அடி கூட்டிச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ கதையோ, என் வகுப்பில் பிள்ளைகளுக்கு மறக்காதது அந்த இரண்டு அடிதான்.

எங்கள் ஊரிலிருந்து பெரிய கோயில் ஒன்றரை மணி நேர பஸ் பயணம். வருடா வருடம் சுற்றுலா போகிறோம். விமானத்தைக் காட்டி, எவரெஸ்டை அளக்கக் கிளம்பிய கணக்கு இந்த வழியாகத்தான் போனது, இங்கேதான் கயிறு அறுந்தது என்று சொன்னால் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் விதமே வேறு. "எவரெஸ்ட் உயரத்தைக் கணக்கிட்டவர் யார்?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? அந்த 500 பக்கப் புத்தகத்தில் சிக்தர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. சிகரத்தின் பெயருக்குரிய ஜார்ஜ் எவரெஸ்டே அந்தப் பெயரை வைப்பதற்கு மறுப்புச் சொன்னார் என்பதும் இல்லை.

"எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வேணும்" என்று அந்த நடுவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. போட்டி என்றால் விடைத்தாள் வேண்டும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வை நடத்தும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே, தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு, மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்று ஒரு வாரம் கேட்கிறது. மறுப்பு சரியென்றால் விடையை மாற்றுகிறது. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு வாரத்தில், இங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அதனால் கேட்கிறேன்.

நூல் தொகுப்பவர்களே, பதிப்பாளர்களே: அடுத்த பதிப்பில் மாறக்கூடிய எல்லா விடைக்கும் பக்கத்தில் மாதமும் வருடமும் போடுங்கள். "திருத்திய பதிப்பு" என்று அட்டையில் போடுவதாக இருந்தால், எதைத் திருத்தினீர்கள் என்று உள்ளே ஒரு பக்கம் அச்சிடுங்கள். எதையும் திருத்தவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், விலையைக் கூட்டினாலும் பரவாயில்லை. தேசிய விளையாட்டு, தேசிய மொழி, நிலவிலிருந்து தெரியும் சுவர், நாக்குப் படம், வாட் கண்டுபிடித்த எஞ்சின், வெறும் கடல்வழி இந்த ஆறையும் உடனே நீக்குங்கள் அல்லது சரியாக எழுதுங்கள். நான் பென்சிலால் குறித்த பிரதி என்னிடம் இருக்கிறது. கேட்டால் கொரியரில் அனுப்புகிறேன், செலவு என்னுடையது.

கேள்வி தயாரிப்பவர்களே: ஒரே புத்தகத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கட்டும். உங்கள் போனிலேயே ஐந்து நிமிட வேலைதான். பத்துக் கேள்வியில் குறைந்தது இரண்டு "எப்படித் தெரியும்?" என்று கேட்பதாக இருக்கட்டும். வேண்டுமானால் அந்த இரண்டுக்கு அரை நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். யார், எது, எத்தனை என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் மணி தட்டும் வேகத்தைத்தான் அளக்க முடியும்.

போட்டி நடத்துபவர்களே: ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஐந்து நிமிடம், கூட வந்த ஆசிரியர் ஆதாரம் காட்டி மறுப்புச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். உடனே முடிவு செய்ய முடியாவிட்டால் அந்தக் கேள்வியை இரு அணிக்கும் இல்லாமல் ரத்து செய்யுங்கள். போட்டி முடிந்ததும் கேள்விகளையும் விடைகளையும் எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்கள். தப்பு இருந்தால் அப்போதாவது தெரியவரும்.

கடைசியாக, போன மாதப் போட்டியை நடத்தியவர்களுக்குத் தனியாக. கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயித்த பிள்ளைகளும் உங்கள் புத்தகத்தைத்தான் படித்தார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். கடைசிச் சுற்றில் எங்கள் பள்ளி மாணவி சொன்ன விடை சரி என்று உங்கள் கடிதத்தாளில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் பெயருக்கு அனுப்புங்கள். பெயரும் பள்ளி முகவரியும் நீங்கள் வாங்கிய பதிவுப் படிவத்தில் இருக்கின்றன. நோட்டில் ஒட்டியதை அவள் இன்னும் கிழிக்கவில்லை, நான் கிழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சனியைப் பற்றிய அந்தச் செய்திக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. அதில் ஒட்டும் அளவுக்குச் சின்னக் கடிதமாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை